ஆணி அடிக்கக் கூடாது

சாவியைத் தரும்போதே மிஸிஸ் விதானகே சொன்னா:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
சிங்களத்தில் ஒருதரம், எங்களுக்காகத் தமிழில் ஒருதரம்,
பிறகு விரலை ஆட்டி ஒருதரம்.

ஏழு வருஷம்.
ஒரு வாளி, ஒரு கோப்பை,
தாழ்ப்பாளில் தொங்கும் ஈரத் துவாய்.
சவர்க்காரம் ஜன்னல் விளிம்பில் இருக்கும்.
வெள்ளவத்தைக் காகங்கள்
இரண்டு தரம் அதைக் கொண்டுபோயிருக்கின்றன.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் எடுத்தா.
"ஆடியில வாறன். ஒரு கிழமை உங்களோடதான்."
அவர் ஃபோனை வைத்துவிட்டு
நேரே போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார்.
பின்னால் நானும் நின்று பார்த்தேன்.
கொஞ்ச நேரம் குழாய் மட்டும்தான் பேசியது.

சீட்டு விழ இன்னும் மூன்று மாதம்.
மா டின்னுக்குள் நாலாயிரத்து இருநூறு.

கெய்சர் வீதியில் ஒரு பிளாஸ்டிக் திரை,
ஆரஞ்சு மீன்கள் போட்டது.
அச்சுப் பிசகி ஒரு மீனுக்குக் கண் வயிற்றில்.
அதைக் காட்டியே இருநூறு குறைத்தேன்.

பஞ்சிகாவத்தையில், கடையொன்றின் பின்புறம்,
இடித்த வீடுகளின் ரைல்ஸ் குவியல்.
யாரோ கால் வைத்த நீலம், யாரோ சமைத்த மஞ்சள்.
"எண்ணாதீங்க தங்கச்சி, கொண்டு போங்க"
என்றார் நானா, ஐந்நூறுக்கு.
பதினொன்று. எதுவும் எதோடும் பொருந்தவில்லை.
சுவரைப் பற்றித்தானே மிஸிஸ் விதானகே சொன்னா,
தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் வேலை செய்கிற ஃபார்மசியில்
வெறும் மாத்திரைப் போத்தல்களை எறிவார்கள்.
கழுத்தை வெட்டி, நைலோன் கயிறு கோத்து,
குளிர்நீர்ப் பைப்பிலிருந்து தொங்கவிட்டேன்.
இப்போது யதுஷாவின் கிளிப்புகள் பரசிற்றமோலில்,
அவருடைய பிளேட் விற்றமின் சீயில்.
நான் விடியற்காலை அமொக்சிசிலினுக்குள் கைவிட்டு
பிரஷ்ஷை எடுக்கிறேன்.

மணி பிளான்ட், பக்கத்து மதிலில் படர்ந்தது.
பாதியைக் கேட்டு எடுத்தேன்.

ரப்பர் கொக்கி நாலு. மூன்று கிலோ தாங்கும்
என்று மட்டையில் எழுதியிருந்தது.
என் துவாயைத் தாங்கியது.
கடைசி ரயில் போகும்போது
அவருடையது விழும்.

கண்ணாடி மட்டும் ஆணி கேட்டது.
கொடுக்கவில்லை. ஜன்னல் விளிம்பில்,
சவர்க்காரம் இருந்த இடத்தில், சாய்த்து வைத்தேன்.
காகம் வந்தது. சவர்க்காரம் இல்லை.
தலையைச் சரித்து, வெகுநேரம்
தன்னைப் பார்த்துவிட்டுப் போனது.

மா டின்னில் மிச்சம் முப்பது ரூபா.

மச்சாள் பம்பலப்பிட்டியில் ஹோட்டல் எடுத்திருந்தா.
"பிள்ளையளுக்கு ஏசி வேணும், குறை நினையாதேங்கோ."
மத்தியானம் ஒருநாள் சாப்பிட வந்தா.
கணவாய்க் கறி நல்லாயிருக்கென்று
கையைக் குசினிக் குழாயில் கழுவினா.
"பாத்ரூம் இந்தப் பக்கம்" என்று நானே காட்டினேன்.
"இல்லை, போயிட்டுத்தான் வந்தனான்" என்றா,
சொக்லட் பையை மேசையில் வைத்தபடி.

அவ போன பிறகு யதுஷாவைக் காணவில்லை.
குளியலறை உள்ளே பூட்டியிருந்தது.
தட்டினேன். கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு,
மடியில் சூழல் புத்தகம், காலடியில் மஞ்சள் ரைல்.
"என்ன செய்யிறாய்?"
"படிக்கிறன்."
"அங்க மேசை இருக்கெல்லே."
"இங்கதான் வடிவா இருக்கு."

இதற்கு என்ன பதில்?
நாளைக்குக் குளிக்கிற நேரம் சண்டைதான் என்று நினைத்துக்கொண்டு
ஒரு சொக்லட்டை நீட்டிக் கதவைச் சாத்தினேன்.

இரவு. கடல் பக்கத்தால் ரயில்.
போத்தல்கள் கயிற்றில் ஒன்றையொன்று தட்டின,
கண்ணாடி ஒருதரம் நடுங்கி நின்றது.
இருட்டுக்குள் ஏதோ மெத்தென்று விழுந்தது.

"அப்பாட துவாய்" என்றாள் யதுஷா,
கண்ணைத் திறக்காமலே.