தாடிக்காரரிடம் சொன்னது

ஜெபம் இருக்கிற வீட்டில் பொய் இருக்கக் கூடாது
என்று தீர்த்துச் சொன்னவள் நான்தான்.
கெசியாவுக்கு நாலு வயது நடந்தபோது
பாலர் பள்ளியிலிருந்து
பஞ்சு ஒட்டிய அட்டைத் தாடியோடு வந்தாள்.
கழற்றி வைத்துவிட்டு, உட்காரவைத்துச் சொன்னேன்:
மான் வண்டி கிடையாது. புகைபோக்கி கிடையாது.
ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
பதினான்காவது மாடிக்கு மின்தூக்கியே ஒழுங்காய் வருவதில்லை,
தாத்தா எப்படி வருவார்?
பரிசு வாங்குவது அப்பா. பிறந்தது இயேசு. முடிந்தது.

தலையாட்டினாள்.
தாடியைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்தேன்.

என் பயம் சின்னதல்ல.
பார்க்காத ஒருவரை நம்பு என்று காலையில் சொல்லி
பார்க்காத இன்னொருவரையும் நம்பு என்று ராத்திரி சொன்னால்,
ஒருவர் இல்லையென்று தெரிகிற வயதில்
மற்றவரையும் சேர்த்துத்தானே மூட்டை கட்டுவாள்?
போதகரின் மனைவி, சரியாய்ச் செய்தாய் என்றார்.
பக்கத்து வீட்டு ரொக்காயா அக்கா சிரித்தார்:
எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை,
அவர் எங்கள் பட்டியலில் கிடையாது.

இந்த வருஷம் அக்டோபரில்
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆசீருக்கு வேலை போனது.
நவம்பர் கடைசியில் ஒரு பேரங்காடியில் கிடைத்தது:
நாளுக்கு நூற்றிருபது வெள்ளி, மதியச் சாப்பாடு,
சிவப்பு உடுப்பு அவர்களுடையது,
தொப்பை மட்டும் சொந்தம்.
என்னிடம் கேட்கவில்லை. சொன்னார்.
நானும் வாடகைச் சீட்டைப் பார்த்தேன்,
வாயைத் திறக்கவில்லை.
கெசியா பள்ளியில் இருக்கும் நேரமாய்ப் பார்த்து
குளியலறையில் ஹோ ஹோ பழகினார்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால்
விஷயம் தெரியாத என் தங்கை
அவளைக் கர்னி பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.
வரிசையில் நாற்பது பிள்ளைகள்;
சீனப் பிள்ளைகள், விபூதி பூசிய ஒருத்தன்,
அம்மாவின் முந்தானைக்குள் பாதி ஒளிந்த இரட்டையர்.
எல்லாருக்கும் ஒரே தாத்தா.
கெசியா மடியில் உட்காரவில்லையாம்.
பக்கத்தில் நின்று, தாடிக்குள் வாயை வைத்து,
பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்கிற அளவுக்கு
நெடுநேரம் எதையோ சொன்னாளாம். தமிழில்.

அன்று ராத்திரி ஆசீர்
சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.
"என்ன கேட்டா?"
"பொருள் ஒண்ணும் கேக்கல."
"பின்ன?"
"அது அந்த ஆளுகிட்ட சொன்னது.
உங்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

சிரிக்கவில்லை அவர்.
பதினோரு வருஷத்தில்
ஒரு ரகசியத்தை இரண்டு நாள் வைத்திருக்கத் தெரியாத மனிதர்.

தினமும் எட்டரைக்குக் குடும்ப ஜெபம்.
அவள் முறை வரும்போது
அச்சில் வார்த்ததுபோல் வரும்:
அப்பாவை ஆசீர்வதியும், அம்மாவை ஆசீர்வதியும்,
கணக்குப் பாடத்தில் உதவி செய்யும், ஆமென்.
ஒரு கண் லேசாய்த் திறந்திருக்கும், என் பக்கம்.
நான் கேட்கிறேன் என்று தெரிந்து செய்த ஜெபம்.
நான் மட்டும் என்ன,
அவள் கேட்கட்டும் என்றுதானே இத்தனை நாள் ஜெபித்தேன்.
வேலை போனதை, வாடகை நின்றதை,
குழாயைத் திறந்துவிட்டு சமையலறையில் போட்ட சண்டையை
ஒருநாளும் அந்தப் பாயில் வைத்ததில்லை.

மறுநாள் மின்தூக்கி பழுது.
ஒன்பதாவது மாடியில் மூச்சு வாங்க நின்றோம்.
"அம்மா, அந்தத் தாத்தா மேல கோடாலித் தைலம் வாசம்."
படியைப் பார்த்தேன்.
"அப்படியா" என்றேன்,
பொய் கூடாது என்றவள்.
"ம். முதுகு வலி போல. பாவம்."
தண்ணீர்ப் புட்டியை மூடினாள்.
"நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

இன்னும் ஐந்து மாடி இருந்தது.

அன்று எட்டரைக்கு நான்தான் முதலில் ஆரம்பித்தேன்,
இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு,
வாடகையிலிருந்து.