தலையாட்டி

வெள்ளவத்தை மண்டபத்தில் யாரோ வீட்டுப் பிறந்தநாள்.
கோமாளியைக் கண்டதும் மகள் வீரிடுகிறாள்.
காதுவரை சிவப்புச் சிரிப்பு.
உள்ளே இருப்பவன் சிரிக்கிறானா
அவளுக்குப் பிடிபடவில்லை.

"பயப்பிடாதையம்மா,
தலையாட்டிப் பொம்மைதான்"
என்கிறாள் மரிசலின்.

அந்தச் சொல்லை ஏன் எடுத்தாள்.

கொட்டாஞ்சேனை லொட்ஜ் வாசல்,
விடியவில்லை, வரிசையில் நிற்கிறோம்.
ஜீப்புக்குள் சாக்கு மூடிய தலை,
இரண்டு ஓட்டை.
சுகிர்தன் முன்னால் போனபோது
அது ஆடியது.
எனக்கு ஆடவில்லை.
யாரென்றும் தெரியாது, ஏனென்றும் தெரியாது.

கோமாளி குனிந்து பலூன் நீட்டுகிறான்:
வேணுமா, வேணுமா,
தலையை ஆட்டி ஆட்டி.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
காலி வீதிக்கு ஓடி வந்தேன்.
ஒரு சப்பாத்து அங்கேயே.
155 பஸ் இரைகிறது.

ஒன்றுமில்லை குஞ்சு என்று
சிரித்துக் காட்டினேன்.
என் வாயையே பார்த்தவள்
மறுபடி அழத் தொடங்கினாள்.