ஆடாத இரண்டும் ஆடும் ஒன்றும்

மின்கம்பி தாழ்ந்து தொங்கியதில்
பாதிரிப்புலியூர்ச் சன்னதித் தெருவில்
சாமி நின்றுவிட்டது.
மூங்கிலோடு ஆள் வரும்வரை
நாகஸ்வரக்காரர் தோடியில்
ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
நான் ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக
டயர் கடை வாசலில்.

காந்தாரம் என்று பிறகுதான் பெயர் தெரிந்தது.
ரிஷபத்தின் தோளைத் தொட்டுவிட்டு
மத்யமத்தின் வாசல்வரை போய்
உள்ளே நுழையாமல் திரும்பி
மறுபடி போய்
நிற்கவே இல்லை.
நின்றிருந்தால்
அதற்கு வேறு பெயர்.

முதுநகர் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் பட்டறை.
உடைத்த விசைப்படகின் இரும்பு
கிலோ நாற்பத்தொன்று.
சட்ஜமும் பஞ்சமமும் சுலபம்,
அசையாத சுரங்கள்.
நங்கூரத் தண்டு ஒன்று,
துருவில் பாதி போன புரொப்பெல்லர் தண்டு ஒன்று,
நட்டு, அடியில் பற்றவைத்தேன்.
புயல் வந்தாலும் அப்படியே இருக்கும்.

காந்தாரத்துக்குக் கம்பியை வளைத்தேன்.
வளைந்தபடி நின்றது,
கல்யாணப் பத்திரிகை ஓரத்துக் கொடிபோல.
வெட்டிப் போட்டேன்.
தகடு வைத்தேன், குழாய் வைத்தேன்.
மூன்று மாதமாய்
எடைக்கு வாங்கிய தோடி
எடைக்கே திரும்பிப் போனது.

கிரைண்டர் தின்ற காது எனக்கு.
மஞ்சக்குப்பம் டாக்டர் தணிகாசலம்
கண்ணாடி அறையில் உட்காரவைத்து
'மேல் சத்தமெல்லாம் போயிடுச்சும்மா' என்றார்.
போனதை வரைந்தும் காட்டினார்.
இடமிருந்து வலம் இறங்கும் கோடு.
ஆரோகணம் இல்லாத ராகம்.

லாரிப் பட்டை ஒன்றை
வைஸில் முறுக்கிவிட்டு
டீ குடிக்கப் போன ஃபைசல்
போகிற போக்கில் முழங்கையால் இடித்தான்.
அது நடுங்கியது.
மேஜையில் ஊன்றியிருந்த என் கை வழியே ஏறி
கடைவாய்ப் பல்லில் வந்து கேட்டது.
போனது, வந்தது,
வாசல்வரை, உள்ளே நுழையாமல்.
டீ ஆறிப்போய் ஏடு கட்டியது.

ஒரு நுனியை மட்டும் பிடி,
மற்றதை விடு.
இவ்வளவுதான்.
ஆனாலும் இருபது வருஷம் பற்றவைத்த கைக்கு
பற்றவைக்காமல் ஓர் இடத்தை விட்டுவர
ஒரு வாரம் ஆயிற்று.
ராத்திரியில் எழுந்து போய்ப்
பார்த்துவிட்டுப் படுத்தேன்,
அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல.

வாங்கியது அதே டாக்டர்.
மொட்டை மாடியில் நிறுத்தினார்.
ஐப்பசியில் போன் வந்தது:
'ஆடுதும்மா.
காத்தடிச்சா முனகுது.
பக்கத்து வீட்ல தூங்க முடியலன்றாங்க.
வந்து போல்ட்ட டைட் பண்ணிடுங்க.'

என்ன சொல்ல? சரி என்றேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர்,
மழைக்குத் தலையில் ஒரு சிமெண்ட் சாக்கு.
தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து
காற்று உப்போடு வந்துகொண்டிருந்தது.

மாடிப்படி ஏறிப் பார்த்தால்
லுங்கியோடு நனைந்தபடி டாக்டர்,
பட்டையின் அடியில்
ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குனிந்திருந்தார்.

'எந்த போல்ட்?' என்று கேட்டேன்.
நிமிரவில்லை.
இரு என்பதுபோல்
கையை மட்டும் உயர்த்தினார்.