பாதித் துளை

அந்த நாட்டு மொழியில் ஆற்றுக்கு யோகி என்று பெயர்.
கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரும்.
ஹில்யாயோகிக்கு வராது.
வெட்டிய மரம் தடையில்லாமல் மிதக்க வேண்டுமென்று
ஒரு காலத்தில் அதன் எலும்பையெல்லாம்
உருவிக் கரையில் போட்டிருந்தார்கள்.

உருவியவர்களில் அர்மாஸும் உண்டு. அப்போது பதினேழு வயது.
பாறையில் துளை. துளையில் வெடி. ஓடு. காதைப் பொத்து.
முதல் சம்பளத்தில் ஒரு சைக்கிள்.
இப்போது அறுபத்து நான்கு.
பொக்லைனில் உட்கார்ந்து
அதே கல்லை அதே ஆற்றில் வைக்கிறார்.
"இரண்டு வேலைக்கும் சம்பளம் தாமதமானதில்லை"
என்கிறார், சிரிக்காமல்.

விர்வே, ஒரு கோடை முழுக்க
அடியில் கண்ணாடி பொருத்திய குழாயை நீரில் அழுத்தி
முதுகு ஒடியச் சிப்பி எண்ணியவள்.
கருத்து, உள்ளங்கை நீளத்தில்,
பாதி மணலில் புதைந்து
ஆற்றை மிடறு மிடறாகச் சலித்துக்கொண்டிருந்தவை
மூவாயிரத்து நூற்றுப் பதினாறு.
முத்துக்காகப் பிளந்தது போக மிச்சம்.
இளையதற்கு ஐம்பது வயது.
மூத்தது, அந்த நாடு விடுதலை பெறுமுன் பிறந்தது.
குழந்தை ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் நலம்,
பள்ளிக்கூடம் மட்டும் பூட்டிக் கிடக்கிற ஊர்
என்று அறிக்கையில் எழுதினாள்.
அடித்துவிட்டு,
"இனப்பெருக்கத் தொடர்ச்சி இல்லை" என்று மாற்றினாள்.

சிப்பிக் குஞ்சு
ஒரு குளிர்காலம் டிரௌட் மீனின் செவுளில்
வாடகை தராமல் குடியிருக்கும்.
பிறகு உதிர்ந்து, சரளைக்கு அடியில்
ஐந்து வருஷம் இருட்டில் வளரும்.
அங்கே மூச்சு வேண்டும்.
காட்டைக் காயவைக்க வெட்டிய வாய்க்கால்களோ
மாவுபோல் வண்டலைக் கொண்டுவந்து
ஒவ்வொரு இடுக்காக அடைத்திருந்தன.
முனையில் பிளாட்டினம் வைத்த கம்பியை
விர்வே மணலுக்குள் செருகினாள்.
நீரில் நானூற்றுத் தொண்ணூறு மில்லிவோல்ட்.
ஐந்து சென்டிமீட்டர் கீழே, இருநூற்று இருபது.
அர்மாஸ் எட்டிப் பார்த்தார். "நல்லதா, கெட்டதா?"
"விரல் நீளம்கூட மூச்சு இறங்கவில்லை."

வரைபடம், இந்தக் கல் இங்கே என்றது.
"இல்லை. வளைவுக்கு மேலே. இந்தப் பாதித் துளையைப் பார்.
மீதிப் பாதி என் காலில் விழுந்தது."
இடது சுண்டுவிரல் இல்லாத அந்தக் கால் சொன்ன இடத்தில்
கல் போய் உட்கார்ந்தது.
நீர் அதைச் சுற்றி
முதல்முறையாகச் சத்தம் போட்டது.

செப்டம்பரில் மழை.
கிளறிய சேறெல்லாம் ஒரே இரவில் கீழே இறங்கியது.
யாரும் எண்ணாத ஒரு திட்டு அங்கே இருந்திருக்கிறது.
நாற்பத்தொன்று.
வாய் பிளந்து, உள்ளே வெள்ளிபோல் மின்னிக்கொண்டு.
அர்மாஸ் ஓடுகளை வாளியில் பொறுக்கினார்.
"நான் வெடி வைத்தபோது தப்பியவை இதில் இருக்கும், இல்லையா?"
அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும்.
பொக்லைன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
காலை ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்றும் அறிக்கையில் இருக்கிறது.
பதினான்காம் பக்கம். அடிக்குறிப்பில் அல்ல.

ஏழு வருஷம் கழித்து, ஆகஸ்ட்.
சல்லடையில் நான்கு மில்லிமீட்டரில் ஏதோ ஒன்று.
எந்த ஆற்றிலும் கிடைக்கிற பட்டாணிச் சிப்பியா,
அல்லது, அல்லது.
உருப்பெருக்கியை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.
கை நடுங்கியதற்குக் காரணம் குளிர்
என்று எழுத நோட்டில் கட்டம் இல்லை.
எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு
1 என்று குறித்தாள். பக்கத்தில் கேள்விக்குறி,
பென்சிலில்.

கரையிலிருந்து அர்மாஸ், ஃபிளாஸ்க்கை மூடியபடி:
"எந்தக் கல்லடியில்?"

காட்டினாள்.

வெகுநேரம் பார்த்தார்.
"அது நான் வைத்ததில்லை" என்றார்.
"ஏதோ ஒரு வசந்தத்தில்
ஆறே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது."