மூன்றாவது கூப்பாடு

தில்லைக்கரசி என்ற பெயரை
முப்பத்துமூன்று வருடத்தில் ஒருமுறையும்
என் வாய் சொன்னதில்லை.
அம்மா வாராங்க. அம்மா எந்திரிச்சிட்டாங்க.
அம்மாவுக்கு வெந்நீர்.
பலகையில் பித்தளை எழுத்தாக இருந்ததைத்
துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்துக்கு முன்சீபாக வந்தபோது
அவருக்கு முப்பத்துமூன்று வயது,
ஒரு தகரப்பெட்டி, மடக்குக் குடை.
வடக்கத்தி ஆள்.
சாட்சிக்காரன் 'மறுகால் பாஞ்சிட்டு' என்றால்
பேனாவை நிறுத்தி வக்கீலைப் பார்ப்பார்.
அடுத்த கார் அறுப்புக்குள்
மடை, மதகு, கடைவயல் எல்லாம்
பச்சை மையில் தவறில்லாமல் இறங்கிற்று.

நடுவே கடலூர், தருமபுரி.
திரும்பத் தென்காசிக்கு, சாரல் நாளில், சப்-ஜட்ஜாக.
கடைசியில் பாளையங்கோட்டை,
முன்னால் ஒரு போலீஸ், காரில் சிவப்பு விளக்கு.
எனக்கும் மாற்றல் சுற்றிச் சுற்றி
அதே வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்தியது.

கல்யாண வீட்டுக்குப் போகமாட்டார்.
யார் வீட்டு வாழையிலையும் நாளைக்கு
ஒரு கட்டாக மேசைக்கு வரலாம் என்பார்.
ஞாயிறு சாயங்காலம் சுலோசன முதலியார் பாலத்தில்
வண்டியை ஓரங்கட்டச் சொல்லி
கண்ணாடியை இறக்காமல் ஆற்றைப் பார்ப்பார்.
இறங்கினால் யாராவது வணக்கம் வைத்துவிடுவார்கள்.

அரிவாள் வழக்கில் இரண்டு பேருக்கு ஆயுள் வாசித்த நாள்
தண்ணீர் கேட்டார். கொண்டுவந்தேன்.
குடிக்கவில்லை.
டம்ளரை நான்தான் எடுத்துப்போய்
குரோட்டன்ஸ் செடியில் ஊற்றினேன்.

ஓய்வுக்குப் பிறகு பெருமாள்புரத்தில் வீடு.
பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டு எழுப்பியபோது
ஒன்றரை அடி இந்தப் பக்கம் நடந்து வந்திருந்தது.
நாலு வருடம் வாய்தா.

போன செவ்வாய் சீட்டில் பதினோராவது.
வாதியின் வக்கீல் மதுரைக்குப் போயிருந்தார்.
மேடையில் புதுப் பிள்ளை, முப்பது இருக்கும்,
யாரென்று தெரியாது, தெரிந்தாலும் கூடாது.
கூப்பிடு என்றது தலை.

அம்மா சேர்க்கக் கூடாது. திருமதி கூடாது.
வெறும் பெயர். விதி அதுதான்.
வாசலுக்கு வந்தேன்.

தில்லைக்கரசி.
வேப்பமரத்தடியில் யாரும் திரும்பவில்லை.
தொண்டையைச் செருமினேன், தேவைக்கு மேல்.

தில்லைக்கரசி.
கீழே படிக்கட்டில் ஒரு கை
கைப்பிடிக் கம்பியைப் பிடிப்பது தெரிந்தது.
மூட்டுவலி, எனக்குத் தெரியும்.
பத்தொன்பது படி, அதுவும் தெரியும்.

மூன்றாவதை
தில்லையில் தொடங்கி
நடுவில் மூச்சு வாங்கி
அரசியை இழுத்தேன், இழுத்தேன்,
உள்ளே பெஞ்சு கிளார்க் சிரிக்குமட்டும் இழுத்தேன்.
'சி' விழுவதற்குள்
அவர் நிலையைத் தாண்டிவிட்டார்.

"இருக்கேன்" என்றார்.
பதினான்காம் தேதிக்கு வாய்தா.

இறங்கும்போது என் பக்கம் நின்றார்.
"வீரவநல்லூர்க்காரர் ஒருத்தர், கடைவயல் தண்ணி கேசு.
பூலுடையார்.
நான் தள்ளுபடி பண்ணப்புறம் வந்தாரே,
செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு."

ஞாபகம் இருக்கு என்றேன்.

"பஸ்ஸு பஞ்சர்னு சொன்னார்.
மனு போடச் சொல்லுங்கன்னுட்டு
அடுத்த கட்டை எடுத்தேன்."

ஆமாம் என்றேன்.

"அவரை இப்படி இழுத்துக் கூப்பிட்டீங்களா?"

அன்றைக்குப் பதினேழு கட்டு.
பசி வேறு.
பூலுடையார் பூலுடையார் பூலுடையார் என்று
ஒரே மூச்சில், காறித் துப்புகிற வேகத்தில்
சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தேன்.

இல்லை, அம்மா, என்றேன்.

தலையை ஆட்டினார்.
குடையை விரித்தார், வெயில் அப்படி.
நான் பன்னிரண்டாவது ஆளைக் கூப்பிட
மேலே ஏறினேன்.