16.20: ஒன்றுமில்லை

ஔலுவில் பிப்ரவரி. கடல் உறைந்து
அதன்மேல் தீவுக்குக் கார்கள் போகின்றன.
ஆய்வுக்கூடத்தில் ரைலி
இல்போவின் மார்பிலிருந்து
ஐந்து மின்முனைகளைப் பிய்த்தெடுக்கிறாள்.
மழித்த இடங்கள் மட்டும்
ஒரு சிறுவனுடையவை.

"ஒரு நாள் முழுக்க சௌனா இல்லை.
அதையும் குறித்துக்கொள்ளுங்கள்."
அவள் குறித்துக்கொள்ளவில்லை.

அவன் முப்பத்தொன்றாம் எண்.
ஆரோக்கியமானவர் பட்டியலில் சேர
பதினெட்டுக் கேள்விகளுக்கு இல்லை சொன்னவன்.
மயக்கம்? இல்லை.
குடும்பத்தில் யாருக்காவது? இல்லை.
மாத்திரை? இல்லை.

மாத்திரை இருக்கிறது.
பதிவுக்கருவியைச் செருகியதும் திரையில் ஓடுகிறது:
812, 847, 901, 866, 798.
மில்லிநொடிகள்.
மூச்சை இழுக்கையில் குறில்,
விடுகையில் நெடில்.
அடுத்தடுத்து ஒரே அளவில்
இரண்டு வருவது அபூர்வம்.

கீழ்த்தள வார்டில் சில இதயங்கள்
பயந்த பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல்
ஒரே சீராக அடிக்கின்றன.
அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான்
மருத்துவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

கூடவே ஒரு குறிப்பேடு, பென்சிலில்:
5.10 காப்பி.
5.40 பனி வாரும் வண்டி, துறைமுகச் சாலை.
11.30 மீன் சூப். உப்பு அதிகம்.
13.00 காப்பி. (நான்காவது. மன்னிக்கவும்.)
16.20 ஒன்றுமில்லை.
21.45 படுக்கை.

ரைலி 16.20க்கு நகர்த்துகிறாள்.
அறுபத்தெட்டிலிருந்து நூற்றுப்பதினெட்டு.
உடம்பு அசையவில்லை என்கிறது
அடியில் ஓடும் இன்னொரு கோடு.
உட்கார்ந்தே இருந்திருக்கிறான்,
வண்டியில், எஞ்சினை அணைக்காமலோ அணைத்தோ.
நான்கு நிமிடம்.
பிறகு இறக்கம். மாடிப்படியில்
எதையோ மறந்துவிட்டு இறங்குகிறவர்போல
இரண்டு படி, ஒரு நிற்றல்,
ஒரு படி மேலே,
மறுபடியும் கீழே.

கேட்கக் கூடாது. நெறிமுறை, பக்கம் ஒன்பது.
வானிலை பேசலாம்.
மைனஸ் இருபத்திரண்டு என்றாள்.
நேற்றைவிடப் பரவாயில்லை என்றான்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி
அவனேதான் கேட்டான்:
"அதிலே தெரியுமா?"
"எது?"
ஜன்னலில் எட்டரை மணிக்கு
அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.
"ஒன்றுமில்லை."

போய்விட்டான். பக்கத்து வீட்டு வெய்யோ
இந்நேரம் சௌனாவுக்கு விறகு போட்டிருப்பானாம்.

மென்பொருள் அந்த நான்கு நிமிடத்துக்கு
மஞ்சள் பூசிக் கேட்கிறது:
பிசிறா? நீக்கவா?
ரைலிக்குப் பிசிறு தெரியும்.
மின்முனை கழன்றால் கோடு
ரம்பத்தின் பல்லாய் வரும்.
இதில் ஒவ்வொரு துடிப்பும் முழுசு.
கடிகாரம் டிக் என்கிறது.
இது திக்.

பத்தொன்பதாவது கேள்விக்கு
அவனுக்காக அவள் சொன்னாள்:
இல்லை.

இருபத்துநான்கு மணி நேரமும் சேர்ந்து
கடைசியில் ஒரே எண்: 141.
அவன் வயதுக்கு நல்ல எண்.

குறிப்பேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும்.
உறக்கம் 1, உணவு 2, வேலை 3.
ஒன்றுமில்லைக்கு எண் ஒதுக்கவில்லை யாரும்.
விரலில் பசை ஒட்டியிருக்கிறது.
கட்டம் காத்திருக்கிறது,
குச்சிக்குறி விட்டு விட்டு மின்னிக்கொண்டு,
துல்லியமாக,
ஒரே சீராக.