பத்தொன்பது இழை

காப்பீட்டு நிறுவனம் கடிதம் போட்டிருந்தது:
கம்பிகளுக்கு வயது இருபத்திரண்டு,
மாற்றாமல் பாய்மரம் விழுந்தால்
ஒரு காசும் வராது.
ரூரிக் படித்துவிட்டு
அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தான்.
"பாய் ஓடுகிறது, கயிறு ஓடுகிறது, சரி.
நின்ற இடத்திலேயே நிற்கிற கம்பிக்கு
என்ன தேய்மானம்?"

கோர்ப்போ தீவில் ஏப்ரல் கடைசி.
விரிகுடாவைவிட்டுப் பனிக்கட்டி போய் ஒன்பது நாள்.
எடை குறைந்தவள் நான்,
ஆகவே ஏறுவதும் நான்.
கித்தான் இருக்கையில் என்னைப் பிணைத்து
ஆஞ்சான் கயிற்றை வின்ச்சில் மூன்று சுற்று சுற்றி
அவன் கைப்பிடியைத் திருப்பத் திருப்ப
முழம் முழமாய் மேலே போனேன்.
ஹௌட்ஷாருக்குப் போகும் மஞ்சள் பெர்ரி
ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தது.

துர்க்குவில் பல் மருத்துவமனையில் எனக்கு வேலை.
அந்நியர் வாய்க்குள் விளக்கடித்து
மயிரிழை விரிசல் தேடுகிற வேலை.
அங்கே மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியை
யாரிடமும் கேட்காமல் எடுத்துவந்திருந்தேன்.

இடப்பக்கக் கம்பி.
உலோகக் குழலுக்குள் அது நுழையும் கழுத்தில்
தேநீர்க்கறைபோல ஒரு சொட்டுப் பழுப்பு.
துணியால் துடைத்தேன்.
துணி சிக்கியது.
நகத்தால் நெம்பினேன்;
ஓர் இழை எழுந்து நின்றது, பிறகு இன்னொன்று.
எண்ணினேன்.
பத்தொன்பதில் ஆறு.

போன ஆகஸ்டில்
ஷிஃப்டெட் திறந்த கடலைக் கடக்கையில்
காற்று இடப்பக்கம்தான்.
படகு சாய்ந்து சாய்ந்து ஓட
எல்னா முன்தளத்தில் உட்கார்ந்து
பச்சைப் பட்டாணி உரித்துத் தின்றாள்,
தோலைக் கடலில் எறிந்தாள்,
ஒரு கையால்
இந்தக் கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.
நானே சொன்னேன்: "கெட்டியாகப் பிடித்துக்கொள்."

அன்று வரவேண்டிய பயம்
எட்டு மாதம் கழித்து
பதினோரு மீட்டர் உயரத்தில்
என் முகவரியைக் கண்டுபிடித்தது.
தொடை இரண்டும் நடுங்கின.
மரமும் நடுங்கியது;
அல்லது எனக்கு அப்படி.

கீழிருந்து ரூரிக்:
"என்ன? நன்றாகத்தானே இருக்கிறது?"

"ஸ்பானரை அனுப்பு" என்றேன்.

ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான் கழற்றலாம்.
கழற்றிய இடத்தில்
மாற்றாள்போல ஒரு கயிறு நின்று மரத்தைத் தாங்கும்.
பழையதைத் துறைப்பலகையில் கிடத்தி
புதியதை அதன் அருகே கிடத்தி
நீளம் பார்த்தோம்.
மூன்றாவது கம்பியில் ஊசியாணி ஒன்று
ரூரிக்கின் கைதவறித் தண்ணீரில் விழுந்தது.
வீட்டில் ஸ்வீடிஷ் பேசுகிறவன்
சாத்தானைப் பின்னிஷில் கூப்பிட்டான்.
கோபத்துக்கு மட்டும் அவனுக்கு அந்த மொழி.

எட்டுக் கம்பி, இரண்டு நாள்.
பழையவற்றைத் துணிக்கொடி கட்டலாம் என்று
சுருட்டி வைத்திருந்தான்.
இரவு, சாப்பாட்டு மேசையில்
அந்த ஆறு இழைக் கழுத்தை
அவன் கோப்பைக்கு அருகில் வைத்தேன்.
உருப்பெருக்கியையும்.

அவன் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்,
அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும்வரை.
பிறகு காலணி மாட்டிக்கொண்டு வெளியே போனான்.
துறைமுகத்து இரும்புத்தொட்டியில்
எட்டுச் சுருளும் விழுந்த ஓசை
சன்னல் வழியே தனித்தனியாகக் கேட்டது.
வந்து படுத்தான். கால்கள் ஜில்லென்றிருந்தன.
நாங்கள் அதைப்பற்றிப் பேசவில்லை.

மே மாதம் முதல் ஓட்டம்.
புதுக்கம்பி இழுபட்டு நீளும்,
காற்று மறைவுப் பக்கம் தொளதொளவென்று ஆடும்,
அது குற்றமில்லை, மறுபடி இறுக்கவேண்டும், அவ்வளவே.
எல்னா பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.
தானாகவே கை நீட்டிப் பிடித்தாள்.
"புதுசா? என்ன பளபளப்பு!"

பழையதும் பளபளத்தது
என்று சொல்ல வாயெடுத்து,
குனிந்து
திருகை அரைச்சுற்று இறுக்கினேன்.